பை கடைசியாக யார் கையில் இருந்தது

சாலம்மாளைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். பாலக்கோட்டுக்கு மேற்கே பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடந்தால் அவள் ஊர். அந்த ஊரில் யார் தக்காளி நட்டாலும் முதல் நாற்றை அவள்தான் ஊன்ற வேண்டும். விடிந்ததும் குளித்து, ஈரத்தலையை முடிந்துகொண்டு, நாலு பேர் தக்காளிக் கொல்லைக்குப் போய் ஆளுக்கொரு நாற்று ஊன்றிவிட்டு வந்துதான் தன் வீட்டு அடுப்பைப் பற்றவைப்பாள். கைராசி என்று ஒன்று உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் நர்ஸ். கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, மற்றதெல்லாம் அப்புறம் என்று சொல்லிக்கொடுத்த இடத்தில் படித்தவள். ஆனால் அந்த ஊர் அதை நம்பியது, அவளும் நம்பினாள்.

பதினேழு வயதில் தீர்த்தகிரிக்கு வாழ்க்கைப்பட்டு அங்கே வந்தாள். அவருக்கு அப்போது முப்பத்திரண்டு. மூன்று பெற்றாள், ஒன்றுதான் தங்கியது. அந்த மகள் கோவிந்தம்மாளை நல்லம்பள்ளிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தீர்த்தகிரி நல்ல மனிதர்தான், ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவருக்கு ஒரே தம்பி, அர்ச்சுனன். பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒரே சுவர், இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கிணறு. ஒருநாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை. மழை பொய்த்த ஒரு வருஷம், அண்ணன் முறையன்று தம்பி மோட்டாரைப் போட்டுவிட்டான். இவர் போய் ஃபியூஸைப் பிடுங்கி எறிந்தார். வார்த்தை தடித்தது. "நான் செத்தாக்கூட எம்மூஞ்சில முழிக்காத" என்று அண்ணன் கத்தினார். தம்பியும் அதே இரத்தம்தானே, அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டான். ஏழு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை.

சாலம்மாள் மட்டும் அந்தச் சண்டையை மதிக்கவில்லை. அண்ணன் தம்பி சண்டைக்கும் கறிக்குழம்புக்கும் என்ன சம்பந்தம் என்பது அவள் கேள்வி. கறி எடுத்த நாளெல்லாம் கொழுந்தன் வீட்டுக்குப் பின்கதவு வழியாக ஒரு கிண்ணம் போய்விடும். தீர்த்தகிரிக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருப்பார். புருஷனையும் கொழுந்தனையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துச் சோறு போட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்குப் பெரிய ஆசை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

எண்பத்தைந்தாம் வருஷம், தை மாதம். தீர்த்தகிரி காய்ப்புழுவுக்கு மருந்து அடிக்கப் போனார். முதுகில் மாட்டுகிற ஸ்ப்ரேயர் டப்பாவில் ஓட்டை. சட்டை போடாத முதுகில் மருந்து வழிய வழிய அரைக்காணி அடித்து முடித்திருக்கிறார். வரப்பில் உட்கார்ந்தவர் எழவில்லை. வாயில் நுரை, கண்மணி கடுகளவு சுருங்கிவிட்டது. டிராக்டரில் போட்டுப் பாலக்கோடு வந்து, அங்கிருந்து வேன் பிடித்துத் தருமபுரியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். பதினைந்து படுக்கை, ஒரு டாக்டர், என்னையும் சேர்த்து இரண்டு நர்ஸ். டாக்டர் கெட்டிக்காரர். இல்லாத மூச்சு மெஷினுக்கு அவர் என்ன செய்வார்?

முதல் நாள் ஊசி மேல் ஊசி போட்டதில் தீர்த்தகிரி பிதற்றினார், கட்டிலோடு கட்டி வைத்தோம். இரண்டாம் நாள் தெளிந்துவிட்டார். காப்பி கேட்டார். காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று பெண்டாட்டியைத் திட்டவும் செய்தார். சாலம்மாள் அந்தத் திட்டைப் பிரசாதம் மாதிரி வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் பிழைத்தார் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் தலையணையிலிருந்து அவரால் தலையைத் தூக்க முடியவில்லை. பத்து மணிக்குள் மூச்சு மேலாக ஓட ஆரம்பித்தது. டாக்டர் தொண்டைக்குள் குழாய் போட்டு, அதில் ஒரு ரப்பர் பையை மாட்டி, அமுக்கச் சொல்லி என் கையில் கொடுத்தார்.

பிறகு சாலம்மாளைக் கூப்பிட்டுச் சொன்னார். "விஷம் அவருக்கு மூச்சு விடுற சதையத் தூங்க வச்சிருக்கும்மா. அது முழிக்க நாலு நாளோ அஞ்சு நாளோ ஆகும். அதுவரைக்கும் அவருக்கு நாமதான் மூச்சு விடணும். இந்தப் பையை நிறுத்தாம அமுக்கினா ஆள் பொழைச்சுக்குவார்."

"மெஷின் எதுவும் இல்லீங்களா?"

"சேலத்துல ஒரு எடத்துல ரெண்டு இருக்கு. ரெண்டுலயும் ஆள் படுத்திருக்காங்க. காலியானா போன் பண்றேன்னு சொல்லியிருக்காங்க."

அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "எனக்குச் சொல்லிக்குடுங்க" என்றாள்.

நான் சொல்லிக்கொடுத்தேன். டாக்டர் பக்கத்தில் நின்று ஒன்றை மட்டும் மூன்று தடவை சொன்னார். "வயசு அறுபத்தேழு. நாப்பது வருசமா பீடி. நுரையீரல் நைஞ்ச வேட்டி மாதிரி இருக்கும். காத்து கொஞ்சம் கம்மியானா சமாளிக்கலாம். அதிகமாப் போச்சுன்னா உள்ளே கிழிஞ்சிடும். நெஞ்சு லேசாத் தூக்கினா போதும்." அவளுக்குப் பிடிபடவில்லையோ என்று எனக்குச் சந்தேகம். "தக்காளி பழுத்துதான்னு அமுக்கிப் பாப்பீங்கள்ல, அவ்வளவுதாம்மா" என்றேன். உடனே பிடித்துக்கொண்டாள். தான் ஒரு மூச்சு இழுக்கும்போது அவருக்கு ஒன்று, தான் விடும்போது அவருக்கும் விடுவது. பதினைந்து வருஷம் வேலை பார்த்த நர்ஸ் கையில் வராத பதம் அவள் கையில் வந்தது. நானும் இன்னொரு நர்ஸும் அவளுமாக மாறி மாறி இரண்டு நாள் அமுக்கினோம். அவர் முழு நினைவோடு இருந்தார் என்பதுதான் இதில் கொடுமை. கண்ணைத் திறந்து பார்ப்பார், விரலைக் கொடுத்தால் பிடிப்பார், பேச முடியாது. மூச்சு மட்டும் அவருடையதாக இல்லை.

அவள் மணிக்கட்டு இரண்டும் வீங்கிப்போன ஐந்தாம் நாள் காலையில் பங்காளிகள் வந்தார்கள். டிராக்டர் நிறையப் பதினோரு பேர். மூத்த பங்காளி மாது என்பவர் நிலைமையைக் கேட்டார், கட்டிலைச் சுற்றி வந்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஒரு பொம்பளை தனியாக் கஷ்டப்படறதா? நாங்க என்னாத்துக்கு இருக்கறோம்? முறை போட்டுக்கலாம்" என்றார். கிணற்றுக்கு முறை போட்டுப் பழகியவர்கள். ஆளுக்கு அரைமணி என்று நின்ற இடத்தில் பிரித்துக்கொண்டார்கள். வந்த இடத்தில் ஒரு கை கொடுக்காமல் திரும்பிப் போனால் ஊர் என்ன பேசும்?

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்குக் கை வலித்தது. ஐந்து நாளாக நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பதினோரு ஆண்கள் வந்து நான் அமுக்குகிறேன் நான் அமுக்குகிறேன் என்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை மறைத்துச் சொன்னால் நான் சாலம்மாள் கதையைச் சொல்லத் தகுதியில்லாதவள்.

அவர்கள் எல்லாருமே ஸ்ப்ரேயர் அடிக்கிறவர்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கிறவர்கள். ஓங்கி அடித்தால்தான் எட்டிப் போகும் என்பது கையோடு வந்த பழக்கம். மாதுவின் முதல் அமுக்கிலேயே நெஞ்சு எகிறியது. சாலம்மாள் சும்மா விடவில்லை. "மாமா, அது ஸ்ப்ரேயரு இல்ல, எம் புருசன் நெஞ்சு. மெதுவா!" என்று எல்லார் முன்னாலும் அதட்டினாள். அடுத்து வந்தவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு கூடவே அமுக்கினாள். இன்னொருவனை, நீ போய்த் தண்ணி குடிச்சிட்டு வா என்று அனுப்பிவிட்டுத் தானே வாங்கிக்கொண்டாள். கட்டிலின் தலைமாட்டை விட்டு அவள் நகரவில்லை. அன்று மத்தியானம் தீர்த்தகிரி தானாக ஒரு மூச்சு இழுத்தார். சின்னதுதான், ஆனால் அவருடையது. டாக்டர் பார்த்துவிட்டு, "சதை முழிக்க ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ரெண்டு நாள்" என்றார். பிறகு பென்னாகரத்தில் ஒரு ஆபரேஷன் என்று காரில் ஏறிப் போனார்.

மூன்று மணி இருக்கும். வார்டு வாசலில் அர்ச்சுனன் வந்து நின்றான். அவனும் அறுபதை நெருங்கியவன், ஆனால் அண்ணனுக்கு முன்னால் நிற்கும்போது வயது தெரியவில்லை. உள்ளே வா என்று பங்காளிகள் யாரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. தீர்த்தகிரி அவனைப் பார்த்துவிட்டார். போர்வைக்கு மேல் கிடந்த அவர் கை, இரண்டு விரல், வா என்று அசைந்தது. நான் பார்த்தேன். அர்ச்சுனன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்து, "அண்ணா, அண்ணா" என்று அழுதான். குழாய் போட்ட வாயால் அவர் என்ன சொல்லுவார்? கண்ணோரத்தில் வழிந்தது, அதைத் துடைக்கக்கூட அவருக்குக் கை எழவில்லை. தம்பியின் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டார். வார்டில் இருந்த எல்லாரும் அழுதார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அர்ச்சுனன் எழுந்து, "அண்ணி, எனக்கும் ஒரு முறை குடுங்க" என்றான்.

அவள் கொடுத்தாள். "மெதுவா அமுக்குங்க" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, பிரசவ அறையில் இருந்து கூப்பிட்டுவிட்டார்கள். ஓடிவிட்டேன். இதற்குப் பிறகு நடந்ததைச் சாலம்மாள் எனக்கு ஒரு மாதம் கழித்துச் சொன்னாள்.

அவன் அழுதுகொண்டே அமுக்கினான். இரண்டு கையாலும் அமுக்கினான். ஒவ்வொரு விம்மலுக்கும் ஒரு அமுக்கு. ஏழு வருஷத்துக்கும் சேர்த்து அன்றைக்கே மூச்சு கொடுத்துவிட வேண்டும் என்பது போல் அமுக்கினான். நெஞ்சு நிமிர்ந்து நின்றது. அதிகம் என்று அவளுக்குத் தெரிந்தது. மெதுவா என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மாதுவை அதட்டிய வாய் அது. ஆனால் ஏழு வருஷம் கழித்து வந்தவன் கையை எல்லார் முன்னாலும் எப்படித் தட்டிவிடுவது? தட்டிவிட்டால், அண்ணனுக்கு மூச்சு கொடுக்கக்கூட இவனை விடவில்லை என்றாகாதா? அதோடு அவர் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் அப்படி இருந்து அவள் பார்த்ததே இல்லையாம். இன்னும் ஒரு நிமிஷம், இன்னும் ஒரு நிமிஷம் என்று அவள் வாயை மூடிக்கொண்டே நின்றாள். அரைமணி ஆவதற்குள் அர்ச்சுனன் சட்டென்று பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனான். அழப் போகிறான் என்று அவள் நினைத்தாள்.

அவள் அமுக்கினாள். பை இறுகியிருந்தது. முன்பு இருந்த பதம் இல்லை. காற்று போகவில்லையோ என்று பயந்து கொஞ்சம் கூட்டி அமுக்கினாள். அப்போது அவர் கழுத்து பூசினாற்போல் ஆனது. பிறகு கன்னம். ஐந்து நாளில் வற்றிச் சுண்டிப்போயிருந்த முகம், ஒட்டியிருந்த கன்னம், பார்க்கப் பார்க்க நிறைந்து வந்தது. "அண்ணன் மூஞ்சில சதை வந்திருக்கு பாருங்கடா" என்று ஒருவன் சொன்னான். தம்பியைப் பார்த்த தெம்பு என்றான் இன்னொருவன். மாது வெளியே ஓடிப்போய்க் கற்பூரம் வாங்கிவந்து ஆஸ்பத்திரி வாசலில் ஏற்றினார். தீர்த்தமலைக் கோயிலில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டார். சாலம்மாளும் அதை நம்பினாள். நம்பாமல் அவள் என்ன செய்வாள்?

பிரசவம் முடிந்து நான் திரும்பியபோது கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே எல்லார் முகத்திலும் சிரிப்பு. நான் கட்டிலுக்கு ஓடினேன். இமை வரைக்கும் வீங்கி அவருக்குக் கண் மூடிப்போயிருந்தது. கழுத்தைத் தொட்டேன். உப்புக்கல்லை நெரிப்பது போல் தோலுக்கடியில் நறநறவென்றது. நுரையீரல் கிழிந்து, அமுக்கிய காற்று உள்ளே போகாமல் தோலுக்கடியில் ஏறியிருந்தது. மிச்சக் காற்று நெஞ்சுக்கூட்டில் அடைத்துக்கொண்டு இருதயத்தை நெருக்கிக்கொண்டிருந்தது. டாக்டருக்கு ஆள் அனுப்பினேன். அவர் வழியிலேயே வந்துகொண்டிருந்தார். வந்ததும் நெஞ்சில் ஊசியைக் குத்தினார். புஸ்ஸென்று காற்று வந்தது. அவ்வளவுதான். அதற்கு முன்பே நாடி நின்றிருந்தது.

நான்கு மணி நாற்பது நிமிஷம். வெளியில் நல்ல வெயில். மறுநாள் காலையில் சேலத்தில் இருந்து போன் வந்தது, ஒரு மெஷின் காலியாகிவிட்டதாம்.

நுரையீரல் கிழிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். "யார் அமுக்கியிருந்தாலும் ஆகியிருக்கும். வயசான நுரையீரல். மெஷின் போட்டே கிழிஞ்சதை நான் சேலத்துல பாத்திருக்கேன்" என்றும் அவர் சொன்னார். அது அவர்கள் காதில் ஏறவில்லை. எருது செத்தாலே யார் கட்டினது என்று கேட்கிற ஊர். மாதுதான் கேட்டார்.

"பை கடைசியா யார் கையில இருந்துச்சு?"

அர்ச்சுனன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். துண்டை வாயில் அடைத்துக்கொண்டிருந்தான். சாலம்மாள் அவனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மாதுவைப் பார்த்து, "எங் கையிலதான் மாமா இருந்துச்சு" என்றாள்.

பொய் இல்லை. ஆனால் உண்மையும் அது இல்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று கோவிந்தம்மாள், "எங்கப்பனை நீதான் அமுக்கிக் கொன்ன" என்று சொந்தங்களுக்கு முன்னால் தாயைக் கேட்டுவிட்டு நல்லம்பள்ளிக்குப் போனவள் பிறகு எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த நடவுக்கு ஊரில் யாரும் சாலம்மாளைக் கூப்பிடவில்லை. தாலி இல்லாதவளை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஊரில் நாற்றுக்குத் தாலியைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பார்கள். அந்தக் கை இப்போது புருஷனைத் தின்ற கை. ஒரு வீட்டில் அவள் தொட்ட குடத்தைக் கழுவிக் கவிழ்த்தார்களாம். இதெல்லாம் போதாதென்று அர்ச்சுனன் தன் பின்பக்கத்தில் ஆள் உயரச் சுவர் எழுப்பினான். கறிக்கிண்ணம் போன கதவு அடைந்தது. அண்ணி என்று ஒரு வார்த்தை அவன் வாயில் வரவில்லை. எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

இறப்புச் சான்றிதழுக்காக ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றைக்குத்தான் அவள் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊரைக் கூட்டிச் சொல்லுங்கம்மா. அந்த ஆளு அமுக்கினதுதான்னு சொல்லுங்க. அவன் சுவர் கட்டுவானாம், நீங்க பாத்துட்டு இருப்பீங்களா?"

"அவருக்குத் தெரியாது நர்சம்மா. தெரிஞ்சா அந்த மனுசன் நாண்டுக்குவாரு."

"நாண்டுக்கட்டுமே!"

"அப்படிச் சொல்லாதீங்க." அவள் குரல் உயரவில்லை. "ஏழு வருசம் கழிச்சு அண்ணன் தம்பி கையப் புடிச்சாங்க. அந்த அரைமணி நேரந்தான் எங்கூட்டுக்காரரு சந்தோசமா இருந்தாரு. அதைப் போயி கொலைன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? கொழுந்தனாரு மெதுவா அமுக்குனாருன்னே இருக்கட்டும். கிழிச்சது நான்னு இருக்கட்டும். எனக்கு அது ஒண்ணுதான் மிச்சம்."

அவள் முட்டாள் என்று நினைத்தேன். இன்றைக்கும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் வாயை மூடிக்கொண்டேன்.

ஊரில் இருக்க முடியாமல் அவள் பாலக்கோடு வந்தாள். சர்க்கரை ஆலைக்குப் போகிற வழியில் ஒரு குடிசை, தக்காளி மண்டியில் பழம் தரம் பிரிக்கிற வேலை. எங்கள் வீட்டில் அம்மாவை அம்மி என்போம்; அம்மியின் தங்கை பாலக்கோட்டில் இருந்ததால் மாதம் ஒருமுறை போவேன். போகும்போதெல்லாம் மண்டியில் எட்டிப் பார்ப்பேன். பார்க்கப் பார்க்க அவள் குறுகிக்கொண்டே வந்தாள். எண்பத்தெட்டாம் வருஷம் ஆடியில் ஒருநாள், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவள் ஊர்ப் பெண் ஒருத்தி நாற்றுக்கூடையோடு அந்த வழியாக வந்தாள். சாலம்மாளைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து நாற்றின் மேல் போட்டு மூடிக்கொண்டு ஒதுங்கிப் போனாள். சாலம்மாள் தன் இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்டாள். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. அவளிடம் ஒன்றும் சொல்லாமல் அவள் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

அர்ச்சுனன் கிணற்றங்கரையில் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தான். என்னை அடையாளம் கண்டதும் எழுந்துகொண்டான். ஒரு காலத்தில் வாட்டசாட்டமாக இருந்த ஆள், எலும்பும் தோலுமாக இருந்தான்.

"உங்கண்ணி சொன்னது நிஜம் இல்ல" என்றேன். தயாரித்துக்கொண்டு போன பேச்செல்லாம் மறந்துவிட்டது. "அவங்க கையில கிழியல."

"தெரியும்" என்றான்.

என்ன தெரியும் என்று கேட்டேன்.

"அமுக்கிட்டே இருந்தேன் நர்சம்மா. அண்ணன் என்னையே பாத்துட்டு இருந்தாரு. திடீர்னு மூஞ்சி சுளிச்சாரு. உள்ளாற என்னமோ வுட்டுப்போன மாதிரி எங் கைக்குத் தெரிஞ்சுது. அப்புறம் பை இறுகிப்போச்சு. பயந்துட்டேன். அண்ணி கையில குடுத்துட்டு வெளிய போயிட்டேன்."

"அப்பவே யார்கிட்டயாவது சொல்லியிருந்தா ஊசி குத்திக் காத்தை எடுத்திருப்போம். உங்கண்ணன் பொழைச்சிருப்பாரு." சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். என் நாக்கு அப்படி.

அவன் மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்து மெல்லச் சரிந்து உட்கார்ந்தான். "சொல்லலாம்னு வாயத் தொறக்கறதுக்குள்ள, எங் கையிலன்னு அண்ணி சொல்லிட்டாங்க. அப்புறம் சொல்ல முடியலீங்க. ஒரு நாள் தள்ளுச்சு, ஒரு வாரம் தள்ளுச்சு."

"அதுக்குச் சுவர் கட்டணுமா? ஊரே அவங்க மேல காறித் துப்புச்சே, நீங்களும் சேர்ந்து முகத்தைத் திருப்பணுமா?"

"அவங்க தினம் கண்ணு முன்னாடி நடந்தா நான் எப்படிங்க சோறு திங்கறது?" பிறகு அழுதுகொண்டே என் காலைத் தொட வந்தான். "அண்ணிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரிய வேணாம்."

இந்த மனிதனுக்காகவா சாலம்மாள் பழியை ஏற்றுக்கொண்டாள் என்று எனக்கு ஆத்திரம். அவன் கெஞ்சினால் எனக்கென்ன வந்தது? நேராகப் பாலக்கோட்டுக்குத் திரும்பினேன். வழியெல்லாம் ஒரு சந்தோஷம்கூட இருந்தது, அல்லா மன்னிக்கட்டும். மூன்று வருஷமாக இவள் சுமக்கிற மூட்டையை இறக்கி வைக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். இனி இவள் யாருக்காக மறைக்க வேண்டும்?

மண்டியில் வேலை ஓய்ந்து அவள் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னேன். சொல்லி முடித்ததும் அவள் அழுவாள், அல்லது அவனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை.

"எப்போருந்து தெரியுமாம்?"

"அன்னைக்கே. உங்க கையில பையைக் குடுக்கும்போதே."

"அன்னைக்கேவா?"

"ஆமாம்மா."

அவள் எதிரே இருந்த கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரி ஒன்று பின்னால் வந்து நின்று, ஆள்கள் இறங்கி, சத்தம் போட்டுச் சரக்கு ஏற்றி முடித்துவிட்டார்கள். அவள் அசையவில்லை. அந்த அரைமணி நேரத்தை அவள் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் இறக்கி வைத்தது மூட்டை இல்லை, அவளுக்கு மிச்சம் இருந்த அந்த ஒன்று.

"அண்ணன் கையப் புடிச்சிட்டு அழுதாரே" என்றாள். "கட்டிலுக்குக் கீழ வுழுந்து அழுதாரே. அதாவது நெசந்தானுங்களே நர்சம்மா?"

நிஜம்தான். என் கண்ணால் பார்த்தேன். அவர் விரல் அசைந்ததையும், இவன் விழுந்ததையும் பார்த்தேன். சந்தேகமே இல்லாமல் அதை நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த மோட்டார் ரூம் வாசலில் என் காலைத் தொட வந்தவனும் அழுதுகொண்டுதான் இருந்தான். அது நினைவுக்கு வந்து, ஒரு மூச்சு நேரம் தாமதித்துவிட்டேன்.

"நெசந்தாம்மா" என்றேன். "சத்தியமா நெசம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபமே இல்லை.

"எனக்காகச் சொல்றீங்க" என்றாள். "நானும் அன்னைக்கு எங் கையிலன்னு அவருக்காக அப்படித்தான் சொன்னேன்."

பிறகு, தருமபுரிக்குக் கடைசி பஸ் போய்விடும், கிளம்புங்கள் என்றாள்.